விஜயகலாவை நான் பிரபலமாக்கிய விதம்

எனக்குத் தேயிலை ஒத்துக்கொள்வதில்லை. காலையில் நீங்கள் ஊற்றித் தந்த பிளேன்டியைக் குடிக்காமல் வைத்ததற்குக் காரணம் அதுதான் மேடம், வேறு எதுவும் நினைத்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரியும். மூன்று வருடமாகத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பவள் அதைக் குடிப்பதில்லை என்று அலுவலகத்தில் எல்லோருமே கேலி செய்வார்கள்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தரலாமா என்று கேட்டேன், நீங்களும் சம்மதித்தீர்கள். நன்றி. சிங்களத்தில் சொல்லியிருந்தால் உங்களுக்கு வேலை குறைந்திருக்கும். ஆனால் எந்த அறிக்கையையும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். தமிழில் சரியாக வந்துவிட்டால் மற்ற இரண்டு மொழிகளிலும் தானாக வந்துவிடும்.

என் பெயர் ஜுமானா. வயது இருபத்தேழு. பலாங்கொடை பஜாரில் குடையும் பள்ளிக்கூடச் சப்பாத்தும் விற்கும் பளீலின் மகள். கொழும்பில் ஆஸியா மேடத்தின் மக்கள் தொடர்பு நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். இந்த வேலை என்னவென்று வாப்பாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

"மகள், ஒனக்கு என்ன வேலண்டு கடைக்கு வார ஆக்கள் கேக்குறாங்க. நான் என்னண்டு சொல்ற?" என்றார் ஒரு பெருநாளில்.

"ஆக்கள்ட பேர நல்லாக்குற வேல, வாப்பா."

"அப்ப அவங்கட பேர் கெட்டுப்போயா ஈக்குது?"

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது. சேர்ந்த முதல் மாதமே கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் ஒரு வாசனைத் திரவிய வெளியீடு. குதியுயர்ந்த சப்பாத்தை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு, கையில் விருந்தினர் பட்டியலோடு வாசலில் நின்றேன். தொலைக்காட்சியில் பார்த்த முகங்களெல்லாம் என்னிடம் வந்து தங்கள் பெயரைச் சொல்லி, பட்டியலில் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டன. நான் விரலால் தேடுவதுபோல் ஒரு நொடி தாமதிப்பேன். அந்த ஒரு நொடியில் அவர்கள் முகத்தில் ஒரு பயம் வரும். பிறகு நான் புன்னகைத்து "வாங்க" என்பேன். அன்று வீட்டுக்குப் போக பஸ்ஸில் ஏறியபோது என் கால்கள் தரையில் படவே இல்லை. குதிகால் முழுக்கக் கொப்புளம், அது அடுத்த நாள்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடம் ஹில்டாரா தேயிலைக் கம்பனி எங்களிடம் வந்தது. அவர்களுடைய தோட்டம் எங்கள் ஊருக்கு மேலேதான் இருக்கிறது. காகிதத்தில் ஸ்டோன்ஹில், அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கல்லுமலை. தோட்டத்தை நடத்தும் துரையோடு இங்கிலீஷிலும் ஆபீசில் சிங்களத்திலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தமிழிலும் பேசக்கூடிய ஒருத்தி நிறுவனத்தில் நான் மட்டும்தான். ஆஸியா மேடம் என் கன்னத்தைத் தட்டி, "இது ஒன்ட ப்ரொஜெக்ட், ஜுமா" என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

கல்லுமலைக்குப் போன முதல் காலையிலேயே விஜயகலாவைக் கண்டுபிடித்தேன். முப்பத்தோரு வயது. முன்பற்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கமராவுக்கென்றே பிறந்தது. நான் கொடகவெலயிலிருந்து கூட்டிவந்திருந்த வீடியோக்காரர் அப்லால் அதைப் பார்த்த உடனே கமராவைத் தூக்கினார். கல்யாண வீடுகளில் பத்து வருடம் படமெடுத்தவர், யார் முகம் எடுபடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்னைய எதுக்குங்க மிஸ் எடுக்கிறீங்க? மூஞ்சி கழுவலீங்க," என்றாள் விஜயகலா.

"கழுவ வேணாம். இப்பிடியே சிரிங்க."

"சரிங்க மிஸ்."

'விஜயகலாவோடு ஒரு காலை' என்ற அந்த வீடியோவை ஒரு வாரத்தில் இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பண்டிகைதான். பஸ்களின் முதுகில் அவள் முகம். தேயிலைப் பெட்டியில் அவள் முகம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க அவள் முகம். ஹில்டாராவின் விழாவுக்கு அவளைக் கொழும்புக்குக் கூட்டி வந்தேன். நான் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சேலை, என் கையாலேயே போட்டுவிட்ட லிப்ஸ்டிக். ஹோட்டல் லிஃப்டில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுங்க."

"பயமா ஈக்கா?"

"இல்லீங்க. இன்னொரு தடவ போவோமாங்க?"

நாங்கள் மேலும் கீழுமாக நான்கு முறை போய் வந்தோம். விருந்தினர் காத்திருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது மேடம். எனக்கு அவள்மேல் கோபமோ பொறாமையோ இருந்ததா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். ஒன்றுமே இருந்ததில்லை. எனக்கு அவளைப் போல் பிடித்தவர்கள் குறைவு. அவளுடைய மகள் துஷாந்தினிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து எப்போதும் எங்கள் கடையிலிருந்துதான்.

போன வருடம் ஏப்ரலில் முதல் குளவிக்கொட்டு நடந்தது. அது தற்செயல். அதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் மலை என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நான்காம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவிகள் துரத்தின. விஜயகலா ஓடவில்லை. விழுந்து கிடந்த ஒரு வயதான பெண்மேல் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விரித்து, அதற்கு மேல் தானும் படுத்துக்கொண்டாள். நான் அப்போது துரையின் பங்களாவில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்த கமரா என்னுடையது. அவள் முகம் பூசணிக்காயாக வீங்கிக் கண்ணே தெரியவில்லை.

"போட்டோ எடுங்க மிஸ், இப்பதான் மூஞ்சி ரவுண்டா அம்சமா இருக்கு," என்றாள்.

டாக்டர் வந்து எங்கள் இருவரிடமும் ஒரு விஷயம் சொன்னார். அதை உரிய இடத்தில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் எடுத்த அந்த வீடியோவை எழுபது லட்சம் பேர் பார்த்தார்கள். எழுபது லட்சம். என் போன் சூடாகிக் கையில் பிடிக்க முடியாமல் போனது. கம்பனி அன்று மாலையே தொழிலாளர்களுக்கு வலைத்தொப்பியோடு கூடிய கவச உடை தருவதாக அறிவித்தது. அறிவிப்பை எழுதியது நான். ஆறு மாதம் கழித்து, அந்த வருடத்தின் சிறந்த பிரசாரத்துக்கான விருதை வாங்க மேடையில் ஏறினேன். பெயரைச் சொன்னபோது ஆஸியா மேடம் கத்தியே விட்டார். விளக்கொளியில் கண் கூசியது. கீழே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடையில் ஒரு நாளும் வாடிக்கையாளர் முன்னால் உட்காராத வாப்பா மட்டும், என்ன செய்வதென்று தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்தே இருந்தார். அந்தக் கைதட்டல் சத்தம் காதில் விழுந்தவர்களுக்குத்தான் தெரியும் மேடம். காதுக்குள் போய் உடம்பு முழுக்க ஓடும்.

கவச உடைகளைப் பற்றியும் கேட்டீர்கள். பன்னிரண்டு வந்தன. படமெடுக்கப் பன்னிரண்டு போதும். அதைப் போட்டுக்கொண்டால் வேர்க்கும், கொழுந்து குறையும் என்று துரை சொன்னார். அவை ஸ்டோரில் கிடந்தன. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த வருடம் தொடக்கத்தில் எல்லாம் மெல்ல அடங்கத் தொடங்கியது. விஜயகலா பாடுகிறாள், விஜயகலா பொங்கல் வைக்கிறாள், விஜயகலா ஆங்கிலம் படிக்கிறாள் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் ஆஸியா மேடம் என் மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"கதை பழசாயிடுச்சு, ஜுமா. ஹில்டாராவில ஒரு நடிகையைப் போடலாமாண்டு யோசிக்கிறாங்க. மே மாதம் வெளிநாட்டு வியாபாரிகள் வாராங்க இல்லையா, அதோட முடிவெடுப்பாங்களாம்."

"அப்ப விஜயகலா?"

"அவளுக்கென்ன, அவள் கொழுந்து எடுப்பாள்."

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. நான் உண்டாக்கிய முகம் அது. பஸ் முதுகிலிருந்து அதைக் கிழித்தெடுத்துவிட்டு வேறு யாரோ ஒருத்தியை ஒட்டப் போகிறார்கள். அன்று முழுக்கப் பழைய வரைபடங்களைக் கணினியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடக் கோட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் சிகரம். குளவி கொட்டிய நாள். மற்றதெல்லாம் அதன் அடிவாரம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு குதூகலம் ஊறியது. பரீட்சையில் விடை பளிச்சென்று தெரியும்போது வருமே, அப்படி.

நான் அவசரக்காரி இல்லை. இரண்டு வாரம் யோசித்தேன்.

ஆறாம் நம்பர் மலையின் ஓரத்தில் ஒரு பெரிய நிழல் மரம். அதில் பானை அளவுக்கு ஒரு குளவிக்கூடு இருந்தது. கங்காணி கண்டுபிடித்து, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அந்த மலையிலிருந்து பார்த்தால் நீர்வீழ்ச்சி தெரியும். வெளிநாட்டு விருந்தினர் பார்க்கும் கொழுந்தெடுப்பு அங்கேதான் நடக்க வேண்டும் என்று துரையிடம் சொன்னேன். கூடு பற்றி அவர் தயங்கினார். அதை அகற்ற ஆட்களை நானே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பினார். ஏற்பாடு செய்யவில்லை.

அப்லாலிடம் ட்ரோன் கமரா ஓட்டக் கற்றுத்தரச் சொன்னேன். சந்தோஷமாகக் கற்றுத்தந்தார். பள்ளி மைதானத்தில் அது முதல் முறை என் விரலுக்குக் கட்டுப்பட்டு எழும்பியபோது நான் குழந்தைபோல் துள்ளினேன். பஜார், பள்ளிவாசல், கோயில் கோபுரம், வாப்பாவின் கடைக்கூரை எல்லாம் உள்ளங்கையில்.

"தோட்டத்தில மட்டும் மரங்களுக்குக் கிட்டப் போகாதீங்க, ஜுமானா," என்றார் அப்லால். "கூடு கீடு இருந்தா இந்தச் சத்தத்துக்கு எழும்பிரும். போன மாசம் ஒரு கல்யாணத்தில மாப்பிள்ளையே ஓடினாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சொன்னதைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

விழா ஏற்பாட்டில் நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று ஒரு செய்தித்தாள் எழுதியிருக்கிறது. அது என்னை நோகடித்தது. தனியார் அம்புலன்ஸ் ஒன்றை அன்று காலையிலேயே வரவழைத்திருந்தேன். பன்னிரண்டு கவச உடைகளையும் ஸ்டோரிலிருந்து எடுத்துத் தூசி தட்டி ஜீப்பில் வைத்திருந்தேன். நான்கைந்து பேருக்குக் கொட்ட வேண்டும், கவச உடை போட்டவர்கள் ஓடிவந்து காப்பாற்ற வேண்டும், அதை விருந்தினர் கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். அம்புலன்ஸ் வெள்ளைக் கூடாரங்களுக்கு முன்னால் நின்றால் வந்தவர்களுக்கு மனம் ஒரு மாதிரியாக இருக்கும் என்று அதைப் பங்களாவின் பின்பக்கம், ஃபெக்டரிக்குக் கீழே நிறுத்தச் சொன்னேன்.

மே பதினான்கு. அப்படியொரு வானம் பலாங்கொடையில் அந்த மாதத்தில் நான் பார்த்ததே இல்லை. கூடாரத்துக்குள் வயலின். கோப்பைகளில் பொன்னிறமாகத் தேயிலை. இத்தாலிக்காரர் ஒருவர் என் கையை முத்தமிடப் போனார், நான் நெஞ்சில் கைவைத்துச் சிரித்துச் சமாளித்தேன். எல்லாப் பக்கமும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பறந்துகொண்டிருந்தேன்.

பெண்களைச் சிவப்புச் சேலையில் வரிசையாக நிறுத்தியபோது மரத்தில் கட்டியிருந்த துணி கமராவில் உறுத்தியது. அவிழ்க்கச் சொன்னேன். விஜயகலா அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகப் பேசினாள்.

"மிஸ், எனக்கு இந்த மலை வேணாமேங்க. நான் அங்கிட்டு ரோட்டோரமா நின்னுக்கிறேங்க."

"ஏன்?"

"டாக்டர் சொன்னாருல்லங்க. நீங்களும் பக்கத்திலதான நின்னீங்க. இன்னொரு தடவ கொட்டினா ஒடம்பு தாங்காது, மூச்சு நின்னுரும்னு சொன்னாருல்ல. துஷாந்தினிக்கு என்ன விட்டா ஆளு இல்லீங்க மிஸ்."

உரிய இடத்தில் எழுதுகிறேன் என்று சொன்னது இதைத்தான். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. அவள் மருத்துவத் துண்டிலும் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தார். ஆனால் டாக்டர்மார் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். தவிர, விஜயகலா இல்லாமல் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. பெயர் தெரியாத நான்கு பெண்களுக்குக் குளவி கொட்டினால் அது உள்ளூர்ப் பத்திரிகையின் ஆறாம் பக்கம்.

நான் என் கைப்பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்து அவள் உதட்டில் சரிசெய்துவிட்டேன். "கூட்டை நேத்தே எடுத்தாச்சு. பத்து நிமிஷம்தான். எனக்காக," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

அப்லால் கூடாரத்துக்குள் விருந்தினரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ட்ரோனை ஒரு ரவுண்டு விட்டுப் பார்க்கிறேன் என்று அவரிடம் வாங்கினேன். பதினொன்று இருபதுக்கு எழுப்பினேன். முதல் சுற்று மரத்துக்கு மேலே. இரண்டாவது சுற்று இன்னும் கீழே. மூன்றாவதில் கூட்டின் பக்கத்திலேயே நிறுத்திவைத்தேன். திரையில் கூடு பெரிதாகத் தெரிந்தது. அதன் தோல் அசைந்தது. பிறகு திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

ஒன்பது பேருக்குக் கொட்டியது. எட்டுப் பேர் இப்போது நலமாக இருக்கிறார்கள். விஜயகலா பாதையை நோக்கி ஓடிவந்தாள். இருபது அடி இருக்கும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்புலன்ஸ் பங்களாவைச் சுற்றி வந்து சேரப் பதினாறு நிமிடம் ஆனது. நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், எல்லோரும் பார்த்தார்கள். அப்லால் எடுத்தது. அழுகை உண்மையானது.

விழாவுக்கு முதல் நாளே நான் எழுதிவைத்திருந்த இரண்டு அறிக்கைகளை என் கணினியிலிருந்து நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஒன்றில் அவள் பிழைக்கிறாள், மற்றதில் இல்லை. இரண்டாவதை எழுதியதால் நான் அதை விரும்பினேன் என்று அர்த்தமில்லை. எல்லாச் சாத்தியங்களுக்கும் தயாராக இருப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. இரண்டாவது நன்றாக வந்திருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதை இரண்டு கோடிப் பேர் படித்தார்கள். நடிகை பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

ட்ரோன் அப்லாலுடையது என்பதால் அவரைப் பிடித்தீர்கள். போன செவ்வாய்க்கிழமை அவர் மனைவி றிப்னா எங்கள் கடைக்கு வந்து, கைக்குழந்தையோடு குடைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அவள் போன பிறகு வாப்பா என்னைப் பார்த்தார்.

"மகள், அப்லாலா விட்ட அத?"

"இல்ல வாப்பா. நான்."

"தெரியாமத்தானே?"

நான் குடைகளை அடுக்கத் தொடங்கினேன். வாப்பா எழுந்து போய், பட்டப்பகலில், பஜார் முழுக்க ஆட்கள் நடமாடும் நேரத்தில் கடைக் கதவை இழுத்து மூடினார். உள்ளே இருட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

அவருக்காகவோ றிப்னாவுக்காகவோ நான் இங்கே வரவில்லை. தவறான தகவல் பரவினால் அதைத் திருத்துவது என் வேலை. அப்லாலின் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்லால் கவனமானவர். அது விபத்தும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான், துணியை அவிழ்க்கச் சொன்னது நான், கூட்டை எடுத்தாகிவிட்டது என்று பொய் சொன்னது நான், ட்ரோனை ஓட்டியது நான். அவளுக்கு மீண்டும் கொட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று கடைசியாக, வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது. படம் இயல்பாக வர வேண்டும் என்பதற்காக, திட்டத்தை விஜயகலாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நிச்சயம் சம்மதித்திருப்பாள். வேண்டாம் என்று அவள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.